கிளவுடா, சொந்த சர்வரா: பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும் முறை

2023 தொடக்கத்தில் ஒருநாள் எங்கள் முதலாளி கிளவுட் பில்லை, அதாவது பெரிய நிறுவனத்தின் சர்வர்களை இன்டர்நெட் வழியே வாடகைக்குப் பயன்படுத்தியதற்கான பில்லை, அச்சடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “ஏம்மா, மாசம் ஒண்ணே முக்கால் லட்சம் வாடகை கட்டுறோம். ரெண்டு சர்வர் வாங்கி நம்ம ஆபீஸ்லயே வச்சுட்டா என்ன?” என்று கேட்டார். “ஒரு வாரம் டைம் குடுங்க சார், கணக்குப் போட்டுச் சொல்றேன்” என்றேன். ஒரு வாரம் மூன்று வாரம் ஆனது. வந்த விடை அவர் எதிர்பார்த்ததும் இல்லை, நான் எதிர்பார்த்ததும் இல்லை. அந்தக் கணக்கை எப்படிப் போட்டேன் என்று இங்கே எழுதுகிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் எங்களுடையது. உங்கள் எண்களைப் போட்டால் விடை மாறும், முறை மாறாது.

நாங்கள் கோவையில் ஒரு சிறிய நிறுவனம். ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் கொடுக்கிறோம். அப்போது 180 கடைகள். கடைக்காரர் புடவையைப் போட்டோ எடுத்து ஏற்றுவார். கவுன்டரில் நிற்பவர் போனில் அதைப் பார்த்து பில் போடுவார். காலை 9 மணியிலிருந்து இரவு 10 வரை சீரான வேலை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி வந்தால் மூன்று மடங்கு.

அந்த மூன்று மடங்கைத்தான் முதலில் அளக்க வேண்டும். ஒரு சாதாரண மாதத்தையும் ஒரு பண்டிகை மாதத்தையும் எடுத்துக்கொண்டு, வாடகைக்கு எடுத்திருக்கும் ஒவ்வொரு இயந்திரத்திலும் சிபியு எத்தனை சதவீதம் ஓடுகிறது, மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். எங்களுக்குச் சாதாரண நாளில் சிபியு 20 சதவீதம், ஆடியில் 60. சிபியு சும்மா இருந்தாலும் டேட்டாபேஸுக்கு மெமரி தேவைப்பட்டது, அதனால் இயந்திரத்தைச் சிறிதாக்க முடியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: கிளவுடில் 4 விசிபியு (கிளவுட்காரர் சிபியுவை எண்ணும் அலகு) என்று வாங்குவது பெரும்பாலும் சிபியுவுக்குள் இருக்கும் உண்மையான கோர் இரண்டுதான். இது தெரியாமல் சொந்த சர்வரைத் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிதாக வாங்கிவிடுகிறவர்கள் உண்டு.

பில்லை வரிவரியாகப் பிரிப்பது

பில்லின் மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. எங்கள் 1,75,000 ரூபாயை ஐந்தாகப் பிரித்தேன். ஆறு இயந்திரங்களின் மணிக்கணக்கு வாடகை 72,000. அவற்றோடு ஒட்டிய டிஸ்க் 15,000. போட்டோக்கள் கிடக்கும் 6 டிபி (1 டிபி என்பது சுமார் 1,000 ஜிபி) கிடங்கு 12,000. வெளியே போகும் டேட்டா 62,000. பழைய டிஸ்க் நகல்கள், லாக் (எது எப்போது நடந்தது என்ற பதிவு), மற்ற சில்லறைகள் 14,000.

நாலாவது வரியைப் பார்த்து முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளவுடுக்குள் டேட்டா வருவதற்குக் காசு இல்லை, வெளியே போவதற்கு உண்டு. அமேசானின் மும்பை மையத்தில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம். அதற்கு மேல் முதல் 10 டிபி வரை ஒரு ஜிபிக்குச் சுமார் 11 சென்ட். அதாவது அன்றைய டாலர் விலையில் 1 டிபி வெளியே போனால் ஏறக்குறைய 9,000 ரூபாய். எங்களுக்கு 7 டிபி போய்க்கொண்டிருந்தது. இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள்: 100 எம்பிபிஎஸ் இன்டர்நெட் லைன் ஒன்று மாதம் முழுவதும் நிரம்பி ஓடினால் 32 டிபி அனுப்பும். சொந்த சர்வர் பக்கம் இந்த லைனுக்குத்தான் காசு கொடுக்கிறோம், ஜிபிக்கு அல்ல. வீடியோ, போட்டோ, பெரிய கோப்புகள் அனுப்புகிறவர்களுக்கு இரண்டு கணக்கும் விலகிப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சரி, வரிகள் பிரிந்துவிட்டன. பலர் உடனே சர்வர் விலை கேட்கப் போய்விடுகிறார்கள். நானும் போகத்தான் இருந்தேன்.

பில்லைக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள்

அந்த 7 டிபி ஏன் போகிறது என்று ஒருநாள் காலையில் ஒரே ஒரு கடையின் லாக்கைத் திறந்து பார்த்தேன். ஈரோட்டில் ஒரு கடை. கவுன்டர் போனில் புடவைப் பட்டியலைத் திறந்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் 40 புடவை. திரையில் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஆனால் போனுக்குப் போயிருப்பது கடைக்காரர் ஏற்றிய அசல் படம், ஒவ்வொன்றும் 3 எம்பி. ஒரு பக்கம் திறந்தால் 120 எம்பி. நாளுக்கு எத்தனை முறை, எத்தனை கவுன்டர், எத்தனை கடை!

படம் ஏறும்போதே 60 கேபியில் ஒரு சின்ன நகல் எடுத்து, பட்டியலுக்கு அதைக் காட்டுமாறு மாற்றினோம். 120 எம்பி பக்கம் 2.4 எம்பி ஆனது. இரண்டு நாள் வேலைதான். வெளியே போகும் டேட்டா 7 டிபியிலிருந்து 2.5 டிபிக்கு இறங்கி, 62,000 ரூபாய் 22,000 ஆனது. கடைக்காரர்கள் போன் பண்ணி “இப்ப வேகமா இருக்குதுங்க” என்று சொன்னார்கள். எங்கள் பணத்தை மட்டுமில்லை, அவர்களுடைய டேட்டாவையும் நேரத்தையும் இவ்வளவு நாள் வீணாக்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் மற்றவை. ஆறில் இரண்டு இயந்திரங்கள் சோதனைக்கு மட்டும் இருந்தன. இரவிலும் ஞாயிறிலும் அவை ஓட வேண்டிய தேவையே இல்லை. வாரத்தில் 168 மணி நேரத்துக்குப் பதில் 60 மணி நேரம் ஓடுமாறு நேரம் வைத்ததில் 15,000 மிச்சம். ஆண்டு முழுக்க ஓடியே தீரும் மூன்று இயந்திரங்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து 12,500 மிச்சம். எந்த இயந்திரத்தோடும் ஒட்டாமல் அநாதையாகக் கிடந்த டிஸ்குகளையும் இரண்டு வருடத்துப் பழைய நகல்களையும் அழித்ததில் 5,000. மொத்தம் 72,500 ரூபாய் குறைந்தது. பில் 1,02,500-க்கு வந்தது.

இந்த வேலையை முதலில் செய்யாமல் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவீர்கள். ஊதிப்போன பில்லோடு சொந்த சர்வரை ஒப்பிட்டால் சொந்த சர்வர் எப்போதும் ஜெயிக்கும். ஆனால் அங்கே மிச்சமாகத் தெரிவதில் பெரும்பகுதி, கிளவுடிலேயே உட்கார்ந்தபடி மிச்சம் பிடித்திருக்கக்கூடிய பணம்.

பில்லில் புதிதாக ஏதாவது கட்டணம் சேர்கிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருங்கள். 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இன்டர்நெட்டில் ஓர் இயந்திரத்தை அடையாளம் காட்டும் எண்) மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. மாதம் சுமார் 3.65 டாலர் பெரிய தொகை இல்லை, ஆனால் இருபது முகவரி சும்மா கிடந்தால் மாதம் 73 டாலர்.

சொந்த சர்வர் என்றால் எங்கே வைப்பது

ஆபீஸில் வைப்பது என்பதுதான் முதலாளியின் எண்ணம். கரண்ட் கணக்கு போட்டுக் காட்டினேன். ஒரு சர்வர் சராசரியாக 300 வாட் இழுக்கிறது என்று வைத்தால், இரண்டுக்கு 600 வாட், மாதம் 432 யூனிட். சர்வர் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளிவரும். அதை வெளியேற்ற ஏசிக்கு இன்னும் 200 யூனிட் சேர்த்துக்கொள்ளுங்கள். யூனிட் 10 ரூபாய் என்றால் 6,300 ரூபாய். இந்த எண்ணைப் பார்த்தால் மலிவாகத்தான் தெரியும்.

ஆனால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவில் இருக்கிறது. இதற்கு முன் நான் வேலை பார்த்த நூற்பாலையில் சர்வர் அறை அலுவலகத்துக்குள்ளேயே இருந்தது. யுபிஎஸ் உண்டு, ஜெனரேட்டரும் உண்டு. ஞாயிறு மதியம் கரண்ட் போனது; யுபிஎஸ் தாங்கியது; கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஏசி மட்டும் யுபிஎஸ்ஸில் இல்லை, அதனால் அணைந்தது. கரண்ட் திரும்ப வந்தாலும் அது தானாக எழவில்லை; ரிமோட்டில் யாராவது அழுத்தினால்தான் ஓடும் வகை. பூட்டிய அறைக்குள் சர்வர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. திங்கள் காலை நான் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த சூடும் ஒரு புளித்த வாடையும் இன்னும் மறக்கவில்லை. சுவரில் இருந்த வெப்பமானி 47 டிகிரி காட்டியது. யுபிஎஸ் பேட்டரிகளில் நான்கு வயிறு உப்பியிருந்தன. அந்த வாரத்துக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க் போனது. ஊசி வைத்துக் குத்துவது போல இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் கரண்ட் வந்ததும் தானாக எழும் ஏசியும், வெப்பம் கூடினால் போனுக்கு மெசேஜ் அனுப்பும் சின்னக் கருவியும் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகவே ஆபீஸில் வைக்கிறவர்கள் இரண்டு ஏசி, மாறி மாறி ஓடும்படி, என்று கணக்கில் எழுதுங்கள். பேட்டரியின் ஆயுள் 25 டிகிரியை வைத்துச் சொல்லப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு வேறு நிறுவனங்களிடம் இன்டர்நெட் லைன், அவை இரண்டும் தெருவில் ஒரே கம்பத்தில் வராதபடி. டீசல். 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு வாரத்துக்கு உங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். உள்ளூர் கோப்புகள், பேக்கப் இவற்றுக்கு ஆபீஸ் அறை போதும். 180 கடை பில் போடும் சர்வரை அங்கே வைக்க நான் சம்மதிக்கவில்லை.

அடுத்த வழி கோலொகேஷன்: சர்வர் நம்முடையது, இடமும் கரண்ட்டும் குளிரும் லைனும் டேட்டா சென்டருடையது. சென்னையில் அம்பத்தூர், சிறுசேரிப் பக்கம் இப்படிப்பட்ட மையங்கள் இருக்கின்றன. விலை கேட்கும்போது ரேக்கில் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) எத்தனை யூனிட் உயர இடம் என்பதைவிட எத்தனை கேவிஏ கரண்ட் என்பதை அழுத்திக் கேளுங்கள். இடம் கொஞ்சம்தான் வேண்டும், விலையைத் தீர்மானிப்பது கரண்ட். நம் சார்பில் ஒருவர் போய் பட்டன் அழுத்தினால், டிஸ்க் மாற்றினால் தனிக் காசா, இரவில் எவ்வளவு, என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கணக்கு ஷீட்டின் மறுபக்கம்

சர்வர் ஒன்றுக்கு 16 கோர், 128 ஜிபி இசிசி மெமரி (பிழையைத் தானே திருத்தும் வகை), நான்கு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்): 5 லட்சம். ஒன்று போதும் என்றாலும் இரண்டு வாங்க வேண்டும். ஒற்றை சர்வர் விலையைப் போட்டு கிளவுடோடு ஒப்பிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது ஒப்பீடே இல்லை. கிளவுடில் ஓர் இயந்திரம் விழுந்தால் சில நிமிடத்தில் வேறொன்று எழுகிறது, அதற்கு ஈடு இங்கே இரண்டாவது சர்வர்தான். நெட்வொர்க் ஸ்விட்ச், வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால் 1 லட்சம். அலமாரியில் எப்போதும் தயாராக இருக்க இரண்டு டிஸ்க் 80,000. பேக்கப்புக்கென்று ஹார்ட் டிஸ்க் நிறைந்த ஒரு பெட்டி 1,70,000. மொத்தம் 13.5 லட்சம்.

கம்பெனிச் சட்டம் சர்வரின் ஆயுளை 6 ஆண்டு என்று வைக்கிறது. நான் 5 ஆண்டில் வகுத்தேன். கடைசி ஆண்டில் உதிரிபாகம் தேடி அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. 60 மாதம், மாதம் 22,500. விற்றால் வரும் விலை என்று எதையும் போடவில்லை. இந்தப் பணத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்கியதாகவும், கட்டக் கட்டக் குறைந்து சராசரியாகப் பாதிதான் நிலுவையில் இருப்பதாகவும் வைத்து மாதம் 6,200. சொந்தப் பணம்தானே என்று வட்டியை விட்டுவிடாதீர்கள். அந்தப் பணம் வேறெங்காவது வேலை செய்திருக்கும். கோலொகேஷன் லைனோடு சேர்த்து 28,000. வாரன்டி முடிந்தபின் வரும் ஏஎம்சியை (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) சராசரியாகப் பரப்பி 4,000. வெளியூரில் இன்னொரு பேக்கப் நகல் 5,000. கோவையிலிருந்து சென்னைக்குப் போய்வர, அங்குள்ள ஆளுக்குக் கொடுக்க 2,000. நாங்கள் ஓட்டுவது இலவச லினக்ஸ்தான், அதனால் லைசென்ஸுக்கு எழுத ஒன்றுமில்லை. விண்டோஸ் சர்வர், எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருப்பவர்கள் இவற்றுக்குக் கோர் எண்ணிக்கையில் காசு என்பதை சர்வர் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் 18 சதவீதம். உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்கிறவர்கள் விட்டுவிடலாம். பள்ளி, மருத்துவமனை போன்று வரிவிலக்குச் சேவை செய்கிறவர்களுக்கு அது திரும்பாது, உண்மையான செலவு, சேர்த்துப் போடுங்கள்.

இவ்வளவுக்கும் கூட்டினால் 67,700. அடுத்த வரியைத்தான் பெரும்பாலோர் எழுதுவதில்லை.

ஆளின் நேரம்

மென்பொருள் பழுதானால் கிளவுடிலும் நான் எழுந்திருக்கத்தான் வேண்டும், சொந்த சர்வரிலும் எழுந்திருக்கத்தான் வேண்டும். அது இரண்டுக்கும் பொது, விட்டுவிட்டேன். சொந்த சர்வரால் மட்டும் கூடும் வேலை எது? ஃபர்ம்வேர் (ஹார்ட்வேருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பது, டிஸ்க் கண்காணிப்பு, பேக்கப்பை உண்மையிலேயே திரும்ப ஏற்றிப் பார்ப்பது, ஒரு சர்வரை வேண்டுமென்றே அணைத்து மற்றது எழுகிறதா என்று பார்ப்பது. நான் குறித்துப் பார்த்ததில் மாதம் 18 மணி நேரம். ஒரு மணிக்கு நிறுவனத்துக்கு ஆகும் முழுச் செலவு 700 ரூபாய் என்று 12,600. டேட்டாபேஸைக் கிளவுட்காரரே பார்த்துக்கொள்ளும் சேவையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூடும், ஏனென்றால் அந்த வேலையும் திரும்பி உங்களிடம் வருகிறது.

அதோடு, ஹார்ட்வேர் தெரிந்த இரண்டாவது ஆள் வேண்டும். நான் ஒருத்தி மட்டும் என்றால் எனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? வீட்டில் விசேஷம் வந்தால்? நூற்பாலையில் நான்கு வருடம் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். அந்த வாழ்க்கையை இன்னொருவருக்குச் சும்மா கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முறை வைத்து மாற்றிக்கொள்ள, இரவுப் பொறுப்புக்கான படி 10,000 என்று எழுதினேன். முதலாளி அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இது நியாயந்தாம்மா” என்றார்.

மொத்தம் 90,300. கிளவுட் 1,02,500. மாதம் 12,200 ரூபாய் வித்தியாசம். இந்தப் பணத்துக்காக 13.5 லட்சத்தை முடக்கி, ஆறு மாதம் இடம் மாற்றும் வேலையில் மூழ்குவது வேண்டாம் என்று சொன்னேன். அந்த ஆண்டு நாங்கள் மாறவில்லை.

கிளவுடை விட்டு வெளியேறிய பெரிய நிறுவனங்களின் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மற்றவர்களின் கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ், அந்தக் கோப்புகளைச் சொந்த மையங்களுக்கு மாற்றி இரண்டாண்டில் 7.46 கோடி டாலர் மிச்சம் பிடித்ததாக 2018-ல் பங்குச்சந்தைக்கு வந்தபோது ஆவணத்தில் எழுதியது. 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2022-ல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் கட்டியதாகவும், சர்வர்களுக்கு 7 லட்சம் டாலர் அளவில் செலவழித்து வெளியே வந்ததாகவும் வெளிப்படையாகச் சொன்னது. இரண்டும் உண்மை. ஆனால் இருவரிடமும் சர்வர் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள், சுமையும் வருடக்கணக்கில் அளந்து அறிந்த சுமை. புதிதாகத் தொடங்கி, அடுத்த மாதம் 10 பேர் வருவார்களா 10,000 பேரா என்று தெரியாத ஒருவருக்கு மணிக்கணக்கு வாடகைதான் சரி.

கணக்கு திரும்பிய ஆண்டு

2025-ல் அதே ஷீட்டை மறுபடி திறந்தேன். கடைகள் 410 ஆகியிருந்தன. கிளவுட் பில், அதே சிக்கனங்களோடு, 2,15,000. சொந்தப் பக்கம் என்ன கூடும்? இன்னொரு சர்வருக்கு மாதம் 8,300, வட்டி 2,300, கூடுதல் கரண்ட்டும் இடமும் 9,000, ஏஎம்சி 2,100. ஆக 1,12,000. கிளவுட் கடைக்குக் கடை ஏறியது. சொந்த சர்வர் ஒரு படி ஏறி நின்றுவிட்டது. மாதம் 1,03,000 வித்தியாசம். இந்த முறை மாறலாம் என்றேன்.

மாறும் செலவையும் எழுதுங்கள். இரண்டு மாதம் இரண்டு இடத்திலும் ஓட்ட வேண்டும், அதற்கே 4,30,000 ரூபாய் கிளவுட் பில். எங்கள் ஆட்களின் நேரத்தையும் சேர்த்து 5.5 லட்சம் வைத்தோம். ஆறு மாதத்துக்குள் திரும்பி வரும் என்றால் போகலாம், இரண்டு வருடம் ஆகும் என்றால் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. மொத்தமாக வெளியேறுகிறவர்களிடம் டேட்டாவை எடுத்துப் போகும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக 2024-ல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூவரும் அறிவித்தார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் கிடைக்கும், நிபந்தனைகளைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

மாறும் தேதி ஆடியிலோ தீபாவளியிலோ விழாதபடி வைத்தோம். முதலில் போட்டோக்கள், அப்புறம் சோதனை இயந்திரங்கள், கடைசியில் ஒரு ஞாயிறு இரவு டேட்டாபேஸ்.

சென்னையில் சர்வரை ரேக்கில் ஏற்றிய அன்று நான் செய்த ஒரு வேலையை நீங்களும் செய்யுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் அதன் வரிசை எண்ணின் கடைசி ஆறு எழுத்தை அச்சடித்து ஒட்டினேன். நான்காவது மாதத்தில் ஒரு டிஸ்க் போனது. மையத்தில் இருந்த தம்பி போனில், “மேடம், ரெண்டாவதா மூணாவதா? இங்க எண்ணுறது எந்தப் பக்கத்துல இருந்து?” என்று கேட்டார். “தம்பி, பக்கம் வேண்டாம். 7கே என்று முடியுற ஸ்டிக்கர் இருக்குதா பாருங்க, அதை மட்டும் எடுங்க” என்றேன். ஒரே டேட்டா ஜோடியாக இரண்டு டிஸ்க்கில் எழுதப்படுகிறது; அந்த ஜோடியில் நல்லதாக இருக்கும் டிஸ்க்கை உருவிவிட்டால் அந்த ஒரு நொடியில் சர்வரே நின்றிருக்கும்.

பேக்கப்பின் ஒரு நகல் மட்டும் இன்றும் கிளவுடில்தான் இருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலர் இரண்டையும் இழந்தார்கள். எங்கள் சென்னை ரேக்குக்கு எது நடந்தாலும் மும்பையில் நேற்றிரவு வரையிலான பில்கள் இருக்கும். அதற்கு மாதம் 5,000 ரூபாய் கட்டுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஒரு வாடகை இயந்திரத்தில் ஏற்றி, ஈரோட்டுக் கடையின் நேற்றைய கடைசி பில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, இயந்திரத்தை அணைத்துவிடுகிறோம்.